நாற்பத்தேழாவது நிமிடம்

நாற்பத்தேழாவது நிமிடத்தில் வரும் அந்தக் கேட்
காக்ஸ் டவுனில் இருக்கிறது.
பதினொரு முறை பார்த்த படம்.
பன்னிரண்டாம் முறைக்குப் பதிலாக
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அறைத்தோழி சவீதா கேட்டாள்,
செத்தவள் வீட்டைப் பார்க்கவா
இஸ்திரி போட்ட சுடிதார்?
ஃபோனில் பதினான்கு ஸ்கிரீன்ஷாட்,
பையில் தண்ணீர் பாட்டில்,
மனசில் கொஞ்சம் கூச்சம்,
அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆசை.

கேட் அப்படியே பச்சை.
புல்லரித்தது.
கம்பியில் விரல் வைத்து
அவன் இதைத்தான் தள்ளியிருப்பான் என்று
கண்ணை மூடி நின்றேன்.

அது பழுப்புங்க, என்றது
புங்கமரத்தடித் தள்ளுவண்டி.
கேஸ் நடந்தப்ப பழுப்பு.
ஷூட்டிங்குக்குப் பச்சை அடிச்சாங்க.
ஓசிப் பெயிண்ட்டு,
ஓனர் அப்படியே விட்டுட்டாரு.

விரலை எடுத்தேன்.

வேடியப்பன். ஊர் செங்கம் பக்கம்.
இந்தச் சந்துக்கு வந்து இருபத்தாறு வருஷம்.
கணக்கெல்லாம் கன்னடத்தில்,
என்னைத் தமிழில் விசாரித்தார்:
டிவியா, யூடியூபா, இல்ல சும்மாவா?
சும்மா, என்றேன்.
சும்மா வர்றவங்கதான் ஜாஸ்தி.

படத்தில் அவர் இருக்கிறார்,
அதாவது அவருக்காக ஒருவர்.
நரைத்த தாடி, நடுங்கும் உதடு.
கோர்ட் கூண்டில் ஏறி
அந்தப் பொண்ணு எனக்கு மக மாதிரி என்று
உடைகிற இடத்தில்
பதினொரு முறையும் அழுதிருக்கிறேன்.

நான் அழுவலம்மா, என்றார்
காலர் ஒன்றைத் திருப்பிப் போட்டபடி.
எத்தன மணிக்குப் பாத்தேன்னு வக்கீல் கேட்டாரு.
எட்டரை, கரி போடுற நேரம்னேன்.
அவ்ளோதான். பஸ் காசு குடுத்தாங்க.
இப்ப எம் பொண்ணு கேக்குறா,
படத்துல அழுவுறியே,
நெசத்துல ஏம்ப்பா அழுவல?

படத்தில் முடிவே இல்லாமல் நீளும் படிக்கட்டு
எண்ணினால் பதினேழு.
அதே பதினேழில்
அவளைத் திரும்பத் திரும்ப ஏறவிட்டிருக்கிறார்கள்.
மேலே இப்போது டியூஷன் சென்டர்.
வாசலெல்லாம் சின்னச் செருப்புகள்.
உள்ளே பதினாறாம் வாய்ப்பாடு,
ஒரு குரல் மட்டும்
எல்லோருக்கும் பின்னால் வந்தது.
நான் தேடி வந்த வட்ட ஜன்னல்
அந்த வீட்டில் இல்லவே இல்லை.

மீட்டர் பெட்டியில்
மழை கரைத்த மார்க்கர் எழுத்து:
ஃபிலோமினா, முதல் மாடி.
படத்தில் வேறு பெயர்.
அந்தப் பெயரில்தான் இத்தனை நாள்
அவளுக்காகப் பயந்திருக்கிறேன்.
சத்தமில்லாமல் ஒரு முறை
சரியான பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.
வாய்க்குப் பழக்கமில்லை.

இறங்கியதும் அவராகவே சொன்னார்:
வெள்ளிக்கிழமை அஞ்சு உருப்படி போட்டுச்சு.
ரெண்டு சேலை, ரெண்டு ஜாக்கெட், ஒரு தலகாணி உறை.
நாளைக்கி வாங்கிக்கிறேன்னுச்சு.
போலீசும் கேக்கல, அவங்க ஆளுங்களும் கேக்கல.
படக்காரங்க கேட்டாங்க.
ஒரிஜினல் வேணுமாம்.
குடுக்கல.

இப்போது எங்கே என்பது
நாக்கு நுனி வரை வந்தது.
கேட்டிருந்தால்
நானும் படக்காரிதான்.

முழுசாக அவர் பார்த்ததில்லை.
அந்த எடத்தக் காட்டு, என்றார்.
மழை. பச்சை கேட்.
இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி அந்த நடிகர்
மாடியை அண்ணாந்து பார்க்கிறார்.
வேடியப்பன் குனிந்து திரையைப் பார்க்க
நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

பெட்டில கரி இல்ல, என்றார்.
இருந்தா ஒத்தக் கையில
இப்படி நிக்க முடியாது.

ஸ்கூட்டரில் ஒருவர் வந்து மூட்டையை இறக்கினார்.
என் ஃபோனை
மடித்த வேட்டி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு
எண்ண ஆரம்பித்தார்.
ஒந்து. எரடு. மூரு.
அடியில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியும்,
இப்போது அவள் கதவைத் திறப்பாள்.